மஞ்சள் காமாலை அட்டவணை

டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிவிட வேண்டும். வரேன் என்று சொன்னால் நோயும் திரும்பி வரும். குணமான பிறகு அந்தப் பக்கம் போவதும் கிடையாது. காய்ச்சல் விட்டு ஒரு மாதம் வரைக்கும் என் அம்மா டாக்டர் வீட்டு வாசல் வழியாகக் கடைக்குப் போக மாட்டாள். தெருவைக் கடந்து எதிர்ச்சாரியில் நடப்பாள். ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். அதனால் அவளுக்கு அறுபத்திரண்டு அடி கூடுதல் நடை.

இந்த வழக்கத்தால் ஒரு கணக்கு தப்பாகப் போனது. அந்தக் கணக்கைப் போட்டவன் நான்.

இப்போது கே.கே. நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. காலையில் நான்கு, மதியம் ஒன்று, இரவில் இரண்டு. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போகும்போது ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரே கேள்வி கேட்பேன்: "இதைச் சாப்பிடாதவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" அவர் பொறுமைசாலி. சில மாத்திரைகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்வார். சிலவற்றுக்கு, "பொதுவா எல்லாரும் குடுக்கறதுதான் சார்" என்பார். அந்த இரண்டாவது பதில் வந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மகள் தலையில் கை வைத்துக்கொள்வாள். அவளிடம் காரணத்தை முழுசாகச் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். எனக்குத் திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கூட்ஸ் வேகன்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கும் பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் தினம் தகவல் வரும். எந்த வேகன் வந்தது, எது போனது, எது சும்மா நிற்கிறது. அவற்றைப் பெரிய தாளில் ஏற்ற வேண்டும். எனக்கு அது பிடித்த வேலை.

எங்கள் டாக்டர் எல்.எம்.பி. என்ற அந்தக் கால மருத்துவப் படிப்பு படித்தவர், ஐம்பது வயதிருக்கும். வீட்டின் முன்னறைதான் அவருடைய ஆஸ்பத்திரி. இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, மறைப்புக்கு ஒரு பச்சைத் துணி. துணிக்குப் பின்னால் கம்பவுண்டர் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பார். டாக்டர் நல்லவர், நோயாளியின் கையைப் பிடித்தால் சீக்கிரம் விடமாட்டார். சாயங்காலம் நான் அங்கே ஆங்கிலப் பேப்பர் படிக்கப் போவேன். நோயாளியாகப் போகாத வரை அந்த வாசலை மிதிப்பதில் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை ஒரு ஒழுங்கு தவறாமல் வந்தது. ஆடியில் காவேரியில் புது வெள்ளம் வரும், செக்கச் செவேலென்று. பெண்கள் பூவும் காதோலையும் விட்டுக் கும்பிடுவார்கள். அதற்கு ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில், தெருவில் யாராவது ஒருவர் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பார். அடுத்த வாரம் நான்கு பேர். மூன்று வருஷம் இதை நான் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். ஒரு வருஷம்கூட வாரம் தவறவில்லை.

டாக்டர் அதற்கு ஒரு ஊசி போட்டார். கல்லீரல் சத்து ஊசி. ஜனங்கள் லிவர் ஊசி என்பார்கள். தேன் மாதிரி பழுப்பு நிறம். தினம் ஒன்றாக ஏழு நாள். இடுப்பில் போட்டால் ஒரு மணி நேரம் எரியும். எரிவதாலேயே அதற்கு மரியாதை அதிகம்.

ஒரு நாள் டாக்டர் பேப்பரை என் கையிலிருந்து மெல்ல இறக்கினார்.

"ரயில்வேல உங்களுக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"கூட்ஸ் வேகன் கணக்கு சார். எது எங்க இருக்குன்னு பார்க்கறது."

"என் வேகனையும் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன். மூணு வருஷ நோட்டு இருக்கு. டாக்டருங்க கூட்டத்துல பேசச் சொல்லியிருக்காங்க. கணக்கோட பேசினா நல்லாருக்கும்."

மூன்று நீள நோட்டுகள். ஒவ்வொரு வரியிலும் பேர், வயது, விலாசம், என்ன நோய், எத்தனை ஊசி, கடைசிக் கட்டத்தில் முடிவு. முடிவுக்கு ஒரே எழுத்து. குணமானால் கு. இறந்தால் இ. நான் காமாலைக்காரர்களை மட்டும் தனியாக எடுத்து எழுதினேன். பதினொரு சாயங்காலம் ஆனது.

எழுதும்போதே ஒன்று கண்ணில் பட்டது. ஏழு ஊசியும் போட்டுக்கொண்டவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் மூன்றாவதில், ஐந்தாவதில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் கு போட்டிருந்தது. கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"வரலைன்னா கு தான். வந்து நின்னு எரிச்சல்ல கத்தறவன், சொஸ்தமானா ஏன் வரான்?" என்றார் அவர்.

டாக்டரிடமும் கேட்டேன். அவர் சிரித்தார். "உடம்பு தேவலைன்னு எங்கிட்ட திரும்பி வந்து சொன்னவன் நம்ம ஊர்ல ஒருத்தன் உண்டா? உங்க அம்மாவே எதிர்ச்சாரியில போறாங்க, நான் பாக்கலைன்னு நினைக்கிறாங்க. சரியாகலைன்னா நம்மளைத் தேடி வந்திருப்பாங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டிலேயே நடப்பதுதானே. கு என்று ஏற்றிக்கொண்டேன்.

அலுவலகத்தில் நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒரு வேகனைப் பற்றித் தகவல் வரவில்லை என்றால் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுத மாட்டோம். தகவல் இல்லை என்று சிவப்பு மையில் எழுதி, வழியில் இருக்கும் எல்லா ஸ்டேஷனுக்கும் தந்தி அடிப்போம். ஒரு வேகன் புளிக்கு அவ்வளவு பாடு பட்டவன், பேரும் வயதும் விலாசமும் உள்ள மனுஷர்களுக்கு ஒரு தபால் அட்டை போடவில்லை. இது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அட்டவணை தயாரானது. ஊசி போட்டவர்கள் இத்தனை, குணமானவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை. அந்த எண்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் யாராவது நம்பிவிடுவார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊசிக்குத் திருஷ்டி சுத்திப் போடணும் சார்" என்றார். டாக்டர் கூட்டத்தில் வாசித்தார். பலர் பிரதி கேட்டார்கள். கார்பன் வைத்து ஐந்து, ஐந்தாக மூன்று தடவை தட்டெழுதிக் கொடுத்தேன். பதினைந்து பிரதி. அவர்கள் அதிலிருந்து எத்தனை எடுத்தார்களோ, அது மட்டும் என் கணக்கில் இல்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதம் என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளை உப்பிலியபுரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் நிலம். அதோடு விவசாய டிப்போவில் விதை கொடுக்கும் வேலை. அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்ததால், அவளை நல்லபடியாகப் பெற்றெடுக்க வைத்து அனுப்பும் பொறுப்பு என் தலையில். ஆடியில் வெள்ளம் வந்தது. தங்கை படித்துறைக்குப் போய் மற்றப் பெண்களோடு ஆற்று நீரை மூன்று கை அள்ளிக் குடித்துவிட்டு வந்தாள். நான் கூட இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

ஆறாவது வாரத்தில் அவள் சாப்பிடும் தோசை மூன்றிலிருந்து ஒன்றாகி, ஒன்று பாதியானது. தாளிக்கிற வாசனை வந்தால் கொல்லைப் பக்கம் ஓடினாள். "எட்டாம் மாசத்துல சிலபேருக்கு இப்படித்தான்" என்றாள் அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

"என்ன அண்ணே, அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை" என்றேன். நாட்காட்டிக்குப் போய் வாரத்தை எண்ணினேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முதல் ஊசியைப் போட்டார். தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் குப்புறவும் படுக்க முடியாமல், மல்லாக்கவும் படுக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தாள்.

சனிக்கிழமை இரண்டாவது ஊசி. சேதி கிடைத்து மதிய பஸ்ஸில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அக்கரைக்கு, திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம் மச்சான்."

"புள்ளத்தாச்சிய ஆத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கா? நல்லா இருக்கற வீட்டை விட்டுட்டா? வேணாங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

நான் அலமாரியைத் திறந்து அட்டவணையை எடுத்து நீட்டினேன். "பாருங்க. மூணு வருஷக் கணக்கு. நானே போட்டது."

அவர் வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. படித்து முடித்துவிட்டு, "இதுல மாசமா இருக்கறவங்க எத்தனை பேரு?" என்றார்.

"அப்படித் தனியா எடுக்கலை."

"ஏன் மச்சான்? எங்க டிப்போல ஒரு விதை நல்லா வருதுன்னா, எந்த மண்ணுலன்னு முதல்ல கேப்போம். மேட்டுல வரது பள்ளத்துல அழுகிப் போகும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குடுத்தா விவசாயி எங்களைச் செருப்பால அடிப்பான்."

"மாப்பிள்ளை" என்று அம்மா அதட்டினாள்.

"ஒங்களை அடிக்கறேன்னு சொல்லலை மச்சான். எத்தனைன்னுதான் கேட்டேன்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டுக்குப் போய் நோட்டுகளை மறுபடி பிரித்தேன். நோய்க் கட்டத்தில் கர்ப்பம், இத்தனை மாதம் என்று குறித்திருந்த வரிகளைத் தனியாக எடுத்தேன். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் கு. எனக்கு மூச்சு வந்தது. பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். எத்தனை ஊசி: மூன்று. நான்கு. மூன்று. இரண்டு. நான்கு. மூன்று. ஒன்பது பேரில் ஒருத்திகூட ஐந்தாவது ஊசிக்கு வரவில்லை. மற்றவர்களில் பாதிப் பேர் ஏழும் போட்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் குணமானார்கள்?

கம்பவுண்டர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன சார் தேடறீங்க?"

"ஒண்ணுமில்லை" என்று இரண்டாவது முறையாகச் சொன்னேன். ஒன்பது விலாசங்களையும் எழுதிக்கொண்டேன். ஐந்து வீடுகள் சைக்கிளில் எட்டும் தூரத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். முதல் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அந்தப் பெண்ணே கதவைத் திறந்தாள், இடுப்பில் குழந்தை. டாக்டர் வீட்டில் கணக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

"ஊசியா? எரிச்சல் தாங்கலைங்க. மூணோட நிறுத்திட்டேன். மோருஞ்சாதமா சாப்பிட்டுக்கிட்டுக் கிடந்தேன், தானா எறங்கிடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, கோச்சுக்குவாரு."

சந்தோஷமாகச் சைக்கிளில் ஏறினேன். பாதித் தெரு போன பிறகுதான் உறைத்தது: இவள் பிழைத்ததற்கு ஊசி காரணம் என்று எப்படிச் சொல்வது? ஊசியே போடாமல் எத்தனை பேர் இப்படி மோர்ச் சோறு சாப்பிட்டுப் பிழைத்தார்கள்? அவர்களுக்கு எந்த டாக்டரிடமும் நோட்டு கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றுமே இல்லாத கணக்கைத்தான் நான் மூன்று வருஷத்துக்குப் போட்டிருந்தேன்.

இரண்டாவது வீட்டிலும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். பேரைச் சொன்னேன். அவள் உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள். அவர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "அது மூத்தவ. போய்ச் சேந்து வருஷம் ரெண்டாகுது. இவளுக்கு எதிர்ல பேசாதீங்க, இவளும் முழுகாம இருக்கா" என்றார்.

மூன்றாவது திருவானைக்காவலில். வீடு பூட்டியிருந்தது. ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. தகவல் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

நான்காவது வீடும் அங்கேயே. கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கையில் கிரீஸோடு பேசினார். "நாலு ஊசியில மயக்கம் வந்திடுச்சு. எங்க மாமனார் பேச்சைக் கேட்டு அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரெண்டாம் நாள் முடிஞ்சிடுச்சு. அங்க கொண்டு போனதுதாங்க தப்பு. டாக்டர் ஊசியிலயே விட்டிருந்தா பொழைச்சிருப்பா." அவர் முகத்தைப் பார்த்தால் அதில் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சாகிறார்கள் என்பது அதுவரை நான் நினைத்துப் பார்க்காத ஒன்று.

ஐந்தாவது வீடு திருவெள்ளறையில். துறையூர் சாலையில் எதிர்க்காற்றில் இரண்டு மணி நேரம் மிதித்தேன். போகும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. மாமியார்க்காரி கடலைக் கொடியை உதறிக்கொண்டிருந்தாள். மருமகள் நான்காம் நாள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

"டாக்டருக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை?"

அவள் என்னை ஏதோ விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எதுக்குச் சொல்லணும்? அவரு தங்கமான மனுசன். என் மருமக கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரு. அவரு மனசு சங்கடப்படாதா? எழவு சேதியைத் தூக்கிக்கிட்டு ஒரு டாக்டர் வீட்டுப் படி ஏறலாமா தம்பி?"

ஐந்து வீடு. ஒருத்தி இருக்கிறாள். ஒருத்தி தகவல் இல்லை. மூவர் இல்லை.

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலையில் கம்பவுண்டர் வந்து மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு தங்கை தூங்கியவள் சரியாக எழுந்திருக்கவில்லை. நான் அருகில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தாள்.

"மாமா, களத்துல காயப்போட்டதை அள்ளிட்டாங்களா? மழை வருதே" என்றாள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். வெளியே நல்ல வெயில்.

மாப்பிள்ளை என் பின்னால் நின்றார். "எத்தனை மச்சான்?"

"மூணு பேர் இல்லை மாப்பிள்ளை. அஞ்சுல மூணு."

வண்டி கூப்பிடப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜட்கா வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். டாக்டர் வாசலில் நிறுத்தினோம். அவர் இறங்கி வந்து அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, முகம் மாறி, "நிக்காதீங்க, போங்க" என்றார். பாலத்தில் ஏறியபோது காவேரி இரு கரையும் முட்டிக்கொண்டு போனது. மனசை நிறுத்த வேண்டும் என்று விளக்குக் கம்பங்களை எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது. எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். மெலிந்த உருவம், பேச்சில் இழுப்பே கிடையாது.

"எப்போலேர்ந்து மாத்திப் பேசறாங்க?"

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து. லிவர் ஊசி மூணு போட்டிருக்கு" என்றேன்.

"அதனால கெடுதல் வந்திருக்காது. நல்லது நடந்திருக்கும்னும் தோணலை. நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும் டாக்டர்?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு ஊசி போட்டு, பாதிப் பேருக்குப் போடாம, ரெண்டு பக்கமும் கடைசி ஆள் வரைக்கும் என்ன ஆனாங்கன்னு பாத்தாத்தான் தெரியும். அதை எனக்குத் தெரிஞ்சு யாரும் பாக்கலை."

"இங்க என்ன மருந்து குடுப்பீங்க?"

"இதுக்கு மருந்து கிடையாதுங்க. குளுக்கோஸ் ஏத்துவோம். பக்கத்துல ஆள் இருக்கும். பிரசவம் முன்னாலயே வந்து ரத்தம் போச்சுன்னா, ரத்தம் ஏத்துவோம். தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கு வராம இருக்கும்."

அவர் நம்பிக்கை தரும்படி ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு ஆத்திரப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை வலி வந்தது. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, ஆண். மாப்பிள்ளையின் ரத்தம் பொருந்தியது, ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டு பகல், கூப்பிட்டாலும் அவள் அசையவில்லை. நான் அவள் மூச்சை நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "எழுதி என்ன பண்ணப் போறீங்க சார்?" என்றாள். நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

டாக்டர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வராந்தாவில் வைத்து ஐந்து வீட்டு விவரத்தையும் சொன்னேன். திருவெள்ளறை என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரைப் போன மாசம் கோயில்ல பாத்தேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. நல்லாருக்கீங்களான்னு கேட்டேன். நல்லாருக்கோம்னாரு." பிறகு, "நம்மளைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு சொல்லாம விட்டிருக்காங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை கண்ணைத் திறந்து மோர் கேட்டாள். பிழைத்துவிட்டாள்.

தெருவில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. முதல் மூன்று ஊசி போட்டிருந்ததால்தான் உடம்பு தாங்கியது, இல்லாவிட்டால் தாயும் போயிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். என் தங்கை பேருக்கு நேரே, மூன்று ஊசி, கு. எழுதியது தப்பில்லை, அவள் குணமாகித்தான் இருந்தாள். ஆனால் அதை எழுதும்போது கம்பவுண்டருக்கு அது தெரியாது. அவளுக்கு நான்காவது ஊசி போடவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

டாக்டர் அடுத்த கூட்டத்தில் எழுந்து, அந்த அட்டவணை தப்பு, யாரும் நம்ப வேண்டாம் என்று சொன்னார். என்னையும் அழைத்துப் போயிருந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நீங்க சொன்னப்புறம்தான் நான் ஆரம்பிச்சேன். எனக்கு எல்லாருக்கும் நல்லா கேட்குது" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்று எங்கள் டாக்டர் கேட்டார்.

"ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொல்லலையே."

எங்கள் டாக்டர் ஊசியை நிறுத்தினார். காமாலைக்காரர்கள் ஊசி போடும் வேறு டாக்டர்களிடம் போனார்கள். அங்கே என் பதினைந்து பிரதிகளில் ஒன்று இருந்திருக்கும். ஒரு சாயங்காலம் காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே, "கூட்டம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எண்ணினீங்களா?" என்று கேட்டார்.

"எண்ணினேன் சார்."

"சொல்லாதீங்க" என்றார்.

தங்கை ஊருக்குத் திரும்பியபோது அவள் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அம்மாவும் போனோம். மாப்பிள்ளை மூட்டையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தில் இன்னும் சதை பிடிக்கவில்லை. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

"நான் எதுல பொழைச்சேன் அண்ணே?"

"சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன், அதுல" என்றாள் அம்மா.

"ரத்தம் குடுத்தேனே, அது கணக்குல வராதா?" என்றார் மாப்பிள்ளை, சிரிக்காமல்.

"அம்மா ஒண்ணு சொல்றாங்க, இவரு ஒண்ணு சொல்றாரு, தெருவுல ஊசிங்கறாங்க. நீங்கதானே எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியலை" என்றேன்.

தங்கை, அம்மா வாங்கிக் கொடுத்த பூவை மடியில் வைத்துச் சரிசெய்தாள். பிறகு அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அடுத்த தடவை வந்தா என்ன பண்றது?" என்றாள்.

"தண்ணியைக் காய்ச்சிக் குடி. ஆத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி, எதுவானாலும். யார் வீட்டுக்குப் போனாலும்."

"அது வராம இருக்கறதுக்கு. வந்துட்டா?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பஸ் சாலையில் திரும்பி மறையும் வரை அங்கேயே நின்றேன்.